எரியறை வெப்பம் எங்கே தவறுகிறது: அறிகுறியை வைத்து ராக்கெட் எஞ்சின் கோளாறைப் பிடிப்பது

திரவ எரிபொருள் எஞ்சினைச் சோதனை மேடையில் ஓட்டிவிட்டு, வந்த தரவைப் பார்த்து "சூடு போதவில்லை" என்றோ "சூடு தாங்கவில்லை" என்றோ முழிப்பவர்களுக்காக இது. கணினியில் மட்டும் எஞ்சின் ஓட்டும் மாணவர்களுக்கும் சில பகுதிகள் உதவும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள், கீழே வரும் எல்லாமே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

எரியறைக்கு ஒரே ஒரு வெப்பநிலை என்று கிடையாது. எரிதலைக் கணக்கிடும் நாசாவின் சிஇஏ நிரலோ ஆர்பிஏ நிரலோ 3300 கெல்வின் என்று சொன்னால், எரிபொருளும் ஆக்சிடைசரும் (எரிய வைக்கும் ஆக்சிஜன் போன்ற பொருள்) கடைசித் துளி வரை கலந்து எரிந்து, சுவர் வழியாகக் கொஞ்சமும் வெப்பம் வெளியேறாமல் இருந்தால் வரும் எண் அது. நிஜ அறையில் நடுவில் ஒரு வெப்பநிலை, இரண்டையும் அறைக்குள் பீய்ச்சும் துளைத்தட்டான இன்ஜெக்டரின் முகத்தருகே வேறு, சுவரை ஒட்டி இன்னொன்று. உந்துவிசை வருவது மொத்தச் சராசரியிலிருந்து. சுவர் உருகுவது சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய படலத்தால். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கலவை விகிதத்தைத் திருக ஆரம்பித்தால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம்.

சராசரியை அளக்கும் வழி சி-ஸ்டார். எரியறை அழுத்தத்தைத் தொண்டையின் (வாயு வெளியேறும் நாசிலின் மிகக் குறுகிய இடம்) பரப்பால் பெருக்கி, நொடிக்குப் பாயும் மொத்த நிறையால் வகுத்தால் வருவது. இது, வெப்பநிலையை வாயுவின் சராசரி மூலக்கூறு எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவதோடு நேர்விகிதத்தில் மாறும் (வாயுவின் இரு தன்வெப்பங்களின் விகிதமும் உள்ளே வரும், ஆனால் அதன் பங்கு சிறிது). தொண்டை விட்டம் 25 மி.மீ., அழுத்தம் 20 பார், ஓட்டம் நொடிக்கு 0.62 கிலோ என்று வையுங்கள், சி-ஸ்டார் நொடிக்குச் சுமார் 1583 மீட்டர். நிரல் 1720 என்று சொல்லியிருந்தால் 92 சதவீதத்தில் இருக்கிறீர்கள். இப்போது 0.92ஐ 0.92ஆல் பெருக்குங்கள்: 0.85. வர்க்கமூலம் நடுவில் இருப்பதால், சி-ஸ்டாரில் 8 சதவீதமாகத் தெரியும் இழப்பு வெப்பநிலைக் கணக்கில் 15 சதவீதம்.

தெர்மோகப்பிள் 1100 டிகிரிக்கு மேல் ஏற மறுக்கிறது

கோளாறே இல்லை, கருவி அவ்வளவுதான். வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி உணரிதான் தெர்மோகப்பிள். அதில் கே வகை 1260 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான், 1400 வந்தால் உருகிவிடும். டங்ஸ்டன்-ரீனியம் வகை 2300 வரை போகும் என்றாலும், ஆக்சிஜனும் நீராவியும் சுழலும் இடத்தில் டங்ஸ்டன் சீக்கிரம் ஆக்சைடாகிப் போய்விடும். அதுவும் போக, குளிர்ந்த சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனை ஒருபக்கம் வாயுவிடம் வெப்பம் வாங்கி மறுபக்கம் சுவருக்குக் கடத்திக்கொண்டே இருக்கிறது, அது காட்டும் எண் வாயுவின் வெப்பநிலையும் அல்ல, சுவரின் வெப்பநிலையும் அல்ல.

அதைக் கழற்றி, சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து துளையிட்டு, சூடான முகத்துக்கு ஒன்றிரண்டு மி.மீ. முன்பு நிற்கும்படி பொருத்துங்கள். கூடவே குளிர்விக்கும் திரவம் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் என்ன வெப்பநிலை என்று அளங்கள். ஓட்டம், தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்கினால் சுவர் வாங்கிய மொத்த வெப்பம் வந்துவிடும். மேடையில் கிடைக்கும் எண்களில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

அழுத்தம் குறைவு, சி-ஸ்டார் 90 சதவீதம்கூட வரவில்லை

முதலில் எஞ்சினைச் சந்தேகிக்காதீர்கள், அளவுகளைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான குழுக்கள் நேராக இன்ஜெக்டரைக் கழற்றப் போகின்றன, அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

தொண்டையை ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி அளந்தீர்களா? 25 மி.மீ. தொண்டை 25.5 ஆக அரித்திருந்தால் பரப்பு 4 சதவீதம் கூடிவிட்டது. நீங்கள் பழைய பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் சி-ஸ்டார் அதே 4 சதவீதம் விழுந்ததாகத் தெரியும், எரிதலில் ஒரு குறையும் இல்லாமலே. கிராஃபைட் தொண்டை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அழுத்த வரைபடம் ஓட்டம் முழுக்க மெல்லச் சரிந்துகொண்டே போனால், தொட்டி அழுத்தம் சரியாமல் இருந்தால், அரிப்பு என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிடலாம்.

அடுத்து அழுத்த உணரியின் இடம். இது எதிர்த்திசையில் ஏமாற்றும். இன்ஜெக்டர் முகத்தருகே அளக்கும் அழுத்தம், தொண்டைக்குள் நுழையும் வாயுவின் மொத்த அழுத்தத்தைவிடக் கூடுதல். எரியறையின் குறுக்குப் பரப்பு தொண்டையைப்போல் இரண்டு மடங்குதான் என்றால், அறையிலேயே வாயு ஒலி வேகத்தில் 0.3 பங்கு வேகத்தில் ஓடும், வித்தியாசம் 5 சதவீதம் வரை போகும். நான்கு மடங்கு என்றால் ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒல்லியான அறை வைத்துக்கொண்டு 97 சதவீதம் வந்தது என்று துள்ளிக் குதிப்பவர்கள் இதைக் கழித்துப் பார்த்தால் 92க்கு வந்து நிற்பார்கள். நிரலில் அறையின் பரப்பை முடிவிலியாக எடுக்கும் கணக்கு, உண்மைப் பரப்பைக் கொடுக்கும் கணக்கு என இரண்டு இருக்கும், இரண்டாவதைப் போடுங்கள்.

பிறகு ஓட்டமானி. திரவ ஆக்சிஜன் குழாயைப் போதிய அளவு குளிர வைக்காமல் ஓட்டினால் குமிழிகளோடு வரும். குமிழி பட்டால் டர்பைன் வகை ஓட்டமானி வேகமாகச் சுழன்று, போகாத நிறையைப் போனதாகக் காட்டும், சி-ஸ்டார் பொய்யாகக் குறையும். தொட்டியை எடையுணரி மேல் நிறுத்தி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடையைப் பார்த்து ஒப்பிடுவதுதான் இதற்கு நேரான பரிசோதனை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எடையையே நம்புங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எண் ஏறவில்லையா, அப்போது எஞ்சினுக்குள் போகலாம். இங்கேதான் சராசரியும் சுவரும் பிரிகின்றன. சுவரெல்லாம் ஒரே மாதிரி கறுத்து, சேதமில்லாமல், வெளியே சுடர் மட்டும் நீளமாக, மஞ்சளாக, புகையோடு எரிகிறது என்றால் திரவம் அறைக்குள் ஆவியாகி எரிய நேரம் போதாமல் வெளியே போய் எரிகிறது. சுவரில் ஒரு பக்கம் மட்டும் கருகல், மறுபக்கம் பளபளவென்று இருக்கிறது என்றால் நேரம் போதும், கலப்புதான் சரியில்லை. அறையின் ஒரு பாதி எரிபொருள் மிகுந்தும் மறு பாதி ஆக்சிடைசர் மிகுந்தும் ஓடுகிறது, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கலவை விகிதம் அச்சாகச் சரியாக இருக்கும்.

நேரம் போதாத முதல் வகைக்கு எல்-ஸ்டாரைப் பாருங்கள், அறையின் கன அளவைத் தொண்டைப் பரப்பால் வகுத்த எண். மண்ணெண்ணெய் - திரவ ஆக்சிஜனுக்கு 1.0 முதல் 1.3 மீட்டர் வரை வழக்கம், ஹைட்ரஜனுக்கு 0.75 முதல் 1.0 வரை போதும். உங்களுடையது இதற்குள் இருந்தால் அறையை நீட்டாதீர்கள். நீட்டினால் குளிர்விக்க வேண்டிய சுவரும் நீளும். துளியைச் சிறிதாக்கும் வழியை இன்ஜெக்டரில் தேடுங்கள். கலப்பு சரியில்லாத இரண்டாம் வகைக்கு, இன்ஜெக்டரில் தண்ணீரை ஓட்டிக் கீழே குழாய் வரிசை வைத்துப் பிடித்து எங்கே எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு துளையில் பிசிறு இருந்தால்கூட அது அங்கே தெரிந்துவிடும்.

கணினியில் வெப்பநிலை உச்சத்தில் இருக்கிறது, ஐஎஸ்பி மட்டும் இறங்குகிறது

ஐஎஸ்பி என்பது எரிபொருளும் ஆக்சிடைசரும் சேர்ந்த ஒவ்வொரு கிலோவும் எவ்வளவு உந்துவிசை தருகிறது என்பதன் அளவு, நொடியில் சொல்வார்கள். நிரல் சரியாகத்தான் சொல்கிறது. வெப்பநிலையைத் தனியாகத் துரத்தினால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் வாயு வெளியேறும் வேகத்தை முடிவுசெய்வது வெப்பநிலை மூலக்கூறு எடைக்கு என்ன விகிதத்தில் இருக்கிறது என்பது.

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக எரிய ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 8 கிலோ ஆக்சிஜன் வேண்டும். விண்வெளி ஓடத்தின் ஆர்எஸ்-25 எஞ்சின் 6 கிலோதான் கொடுத்தது, மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் இஸ்ரோவின் சிஇ-20 ஏறக்குறைய 5 கொடுக்கிறது. மிஞ்சும் ஹைட்ரஜன் எரியாமலே வெளியேறுகிறது. வெப்பநிலை கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் 18 எடையுள்ள நீராவிக்கு நடுவே 2 எடையுள்ள ஹைட்ரஜன் கலந்திருப்பதால் சராசரி எடை அதைவிட வேகமாக இறங்குகிறது, விகிதம் லாபத்தில் முடிகிறது. மண்ணெண்ணெய் எஞ்சினின் எரியறையும் ஹைட்ரஜன் எஞ்சினின் எரியறையும் வெப்பநிலையில் அருகருகேதான் நிற்கின்றன. ஆனால் வெற்றிடத்தில் மண்ணெண்ணெய் எஞ்சினான ஆர்டி-180க்கு ஐஎஸ்பி 338 நொடி, ஆர்எஸ்-25க்கு 452 நொடி. இன்னும் தள்ளிப் போனால் அமெரிக்காவின் நெர்வா அணுவெப்ப எஞ்சின். ஹைட்ரஜனை எரிக்காமல் அணு உலையில் சுமார் 2300 கெல்வினுக்குச் சூடாக்கி வெளியே விட்டது, வேதி எஞ்சின்களைவிட ஆயிரம் டிகிரி குறைவு, கணக்கிட்ட வெற்றிட ஐஎஸ்பி 800 நொடிக்கு மேல்.

இன்னொன்றும் இங்கே தடுக்கும். முழு எரிதல் விகிதத்தை நெருங்கும்போது வெப்பநிலைக் கோடு கூராக ஏறாமல் தட்டையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் நீராவியும் கரியமில வாயுவும் நிலைத்து நிற்க முடியாமல் உடைகின்றன, உடைவதற்கே வெப்பம் செலவாகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் உடைவது குறையும், அதனால்தான் அதே கலவைக்கு 100 பாரில் வெப்பநிலை 20 பாரைவிடக் கொஞ்சம் அதிகம் வரும். உடைந்தவை நாசிலில் மறுபடி சேருகின்றன என்று வைத்துக் கணக்குப் போடுவது ஒரு முறை, தொண்டையோடு உறைந்துவிட்டன என்று போடுவது இன்னொரு முறை. நிஜம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். முதல் முறையின் எண்ணை மட்டும் எடுத்துத் திட்ட அறிக்கையில் போட்டுவிட்டு, மேடையில் அது வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

சி-ஸ்டார் நன்றாக இருக்கிறது, உந்துவிசை மட்டும் குறைவு

அப்படியானால் எரியறையை விட்டுவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. நாசிலைப் பாருங்கள், உந்துவிசை அளக்கும் மேடையில் குழாய்கள் இழுத்துப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். வெற்றிடத்துக்காக விரித்த நாசிலைத் தரையில் ஓட்டினால் ஓட்டம் சுவரிலிருந்து பிரிந்துவிடும். சிஇ-20 நாசிலின் வாய்ப் பரப்பு தொண்டைப் பரப்பைப்போல் 100 மடங்கு. அதைத் தரைமட்டக் காற்றழுத்தத்தில் ஓட்டுவதற்கென்றே 2024 நவம்பரில் இஸ்ரோ ஒரு நாசில் பாதுகாப்பு அமைப்போடு சோதனை செய்தது.

சுவரில் நீளவாக்கில் கோடு கோடாகக் கருகியிருக்கிறது

கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இன்ஜெக்டர் முகத்திலிருந்தே தொடங்கினால் அதற்கு நேர் மேலே இருக்கும் துளைதான் குற்றவாளி: வெளி வரிசையில் ஆக்சிடைசர் துளை சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அல்லது அதற்கு இணையான எரிபொருள் துளை அடைபட்டிருக்கிறது. பாதி வழியில் தொடங்கினால் குளிர்விக்கும் கால்வாயில் அடைப்பு, அல்லது சுவரைக் காக்கும் எரிபொருள் படலம் அந்த இடத்தோடு தீர்ந்துபோகிறது.

இதற்கு மருந்தாக மொத்தக் கலவையையும் எரிபொருள் மிகுதியாக்குவது பலருக்குப் பழக்கம். வேலை செய்யும், ஆனால் அறை முழுவதையும் குளிர வைத்து ஐஎஸ்பியைக் கொடுத்துவிட்டுச் சுவரை வாங்குகிறீர்கள். வெளி வரிசையை மட்டும் எரிபொருள் மிகுதியாக வைத்து, நடுவை அதன் போக்கில் சூடாக ஓட விடுங்கள். இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் வி-2 எஞ்சினிலேயே சுவரில் சிறு துளைகள் போட்டு ஆல்கஹாலை உள்ளே கசிய விட்டுப் படலம் செய்தார்கள், அதற்கு மேல் எரிபொருளிலேயே 75 சதவீதம் எத்தில் ஆல்கஹாலுக்கு 25 சதவீதம் தண்ணீர் கலந்து மொத்தச் சூட்டையும் இறக்கினார்கள். இரண்டு வழியும் ஒரே எஞ்சினில்! எத்தனாலில் எஞ்சின் செய்யும் மாணவர் குழுக்கள் இன்றைக்கும் தண்ணீர் கலப்பது அதே காரணத்துக்காகத்தான், முதல் எஞ்சினுக்கு அது நல்ல முடிவும்கூட.

படலத்துக்குக் கொடுக்கும் எரிபொருள் முழுதாக எரியாது என்பதால் சி-ஸ்டார் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று எண்ணித் துரத்த வேண்டாம்.

தொண்டை மட்டும் உருகுகிறது, மற்ற இடமெல்லாம் புதிதுபோல் இருக்கிறது

வெப்பப் பாய்வு உச்சத்தைத் தொடுவது தொண்டையில், சரியாகச் சொன்னால் அதற்குக் கொஞ்சம் முன்னால். அதனால் தொண்டை முதலில் போவது இயல்பு. எதனால் போனது என்பதில்தான் தப்புக் கணக்கு நடக்கிறது. பார்ட்ஸ் 1957இல் கொடுத்த சமன்பாட்டின்படி வாயுவிலிருந்து சுவருக்கு வெப்பம் கடத்தும் எண் அழுத்தத்தின் 0.8 அடுக்கில் ஏறும். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பக் கடத்தல் 1.74 மடங்கு. வெப்பநிலையோ அதே நேரத்தில் ஒரு சில சதவீதம்தான் ஏறியிருக்கும். இப்போது எதிர்ப்பக்கம்: வாயுவை 3300 கெல்வினிலிருந்து 2970க்கு, அதாவது 10 சதவீதம் இறக்குங்கள். சுவர் 800இல் இருந்தால் வித்தியாசம் 2500லிருந்து 2170 ஆகிறது, வெப்பப் பாய்வில் 13 சதவீதம் லாபம்.

அதனால், 20 பாரில் தாங்கிய தொண்டை 30 பாரில் உருகினால் கலவையைத் திருகி மீட்பது கடினம். குளிர்விக்கும் திரவத்தின் வேகத்தைத் தொண்டையில் கூட்டுங்கள், சுவரை மெல்லியதாக்குங்கள், செம்புக் கலவைக்கு மாறுங்கள். செம்பு 1085 டிகிரியிலேயே உருகும், துருப்பிடிக்காத எஃகு 1400 வரை தாங்கும், பிறகு ஏன் செம்பு என்று கேட்பார்கள். செம்பு வெப்பத்தை உடனே மறுபக்கம் கடத்திவிடுவதால் அதன் சூடான முகம் அந்த 1085ஐ எட்டுவதே இல்லை, எஃகுச் சுவரின் முகம் தன் 1400ஐ எட்டிவிடும்.

சுடரில் பச்சை தெரிகிறது

பற்றவைக்கும் அந்தக் கணத்தில் மட்டும் என்றால், உங்கள் பற்றவைப்புக் கலவையில் போரான் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபால்கன் 9இன் மெர்லின் எஞ்சின் தொடங்கும்போது தெரியும் பச்சைப் பளிச்சும் அதுதான், ட்ரைஎத்தில் போரேன் எரிகிறது. நடு ஓட்டத்தில் பச்சை வந்தால் உடனே நிறுத்துங்கள், செம்பு எரிகிறது என்று பொருள். 2020 டிசம்பர் 9 அன்று ஸ்பேஸ்எக்ஸின் எஸ்என்8 சோதனை ராக்கெட் தரையிறங்கும்போது உலகமே அதைப் பார்த்தது. இறங்குவதற்கான மீத்தேன் தொட்டியில் அழுத்தம் குறைந்து, எரிபொருள் போதாமல் கலவை ஆக்சிஜன் மிகுந்து, எஞ்சின் தன்னையே எரிக்கத் தொடங்கிவிட்டது. பச்சை தெரிந்தால் எரியறையைத் திறப்பதற்கு முன் எரிபொருள் பக்க அழுத்த வரைபடத்தைத் திறங்கள், பெரும்பாலும் பள்ளம் அங்கேதான் இருக்கும். ஆரஞ்சுப் பொறிகள் என்றால் எஃகு, அதே விசாரணைதான்.

எரியறை அழுத்தம் கல்லுப்போல் நிற்கிறது, டர்பைன் வெப்பநிலை மட்டும் ஏறுகிறது

இருப்பதிலேயே நயவஞ்சகமான அறிகுறி இது, காரணம் கட்டுப்பாட்டுக் கணினியே கோளாறை மூடி மறைக்கிறது. இதற்கு 1999 ஜூலை 23 அன்று ஏவிய எஸ்டிஎஸ்-93ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. கொலம்பியா ஓடம் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியைச் சுமந்து போன பயணம் (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அந்தத் தொலைநோக்கிக்கு). வலப்பக்க எஞ்சினின் இன்ஜெக்டரில், பயன்பாட்டிலிருந்து நீக்கிய ஆக்சிஜன் குழல் ஒன்றை அடைத்து வைத்திருந்த சின்ன ஊசி எஞ்சின் தொடங்கும்போது கழன்று, நாசில் சுவரில் மோதி, ஹைட்ரஜன் ஓடும் ஆயிரத்துச் சொச்சம் குளிர்விப்புக் குழாய்களில் மூன்றைக் கிழித்துவிட்டது.

அடுத்து நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஓட்டமானி கசிவுக்கு முன்னால் இருந்ததால் ஹைட்ரஜன் ஓட்டம் சரியாகவே தெரிந்தது. ஆனால் அந்த ஹைட்ரஜன் முழுவதும் எரியறைக்கு வந்து சேரவில்லை, எனவே எரியறை அழுத்தம் இறங்கப் பார்த்தது. அழுத்தத்தைக் காப்பதுதானே கணினியின் வேலை, அது ஆக்சிஜன் பக்க வால்வைத் திறந்து ஈடுகட்டியது. அழுத்தம் மீண்டும் சரி. ஆனால் பம்புகளைச் சுழற்றும் டர்பைனுக்குச் சூடான வாயு தரும் முன்-எரிப்பானுக்குள் ஆக்சிஜன் கூடியதால் டர்பைன் வெப்பநிலை ஏறிவிட்டது, ஆக்சிஜனும் திட்டமிட்டதைவிட வேகமாகத் தீர்ந்து, எஞ்சின்கள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னதாகவே அணைந்தன. நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகம் குறைவாக ஓடம் சுற்றுப்பாதைக்குப் போனது. டர்பைன் வெப்பம் எச்சரிக்கை எல்லையைத் தாண்டியிருந்தால் அந்த எஞ்சின் நடுவழியில் அணைந்திருக்கும்.

உங்கள் மேடையில் இதே அறிகுறி வந்தால், அழுத்தத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அந்த அழுத்தத்தைக் காக்கக் கட்டுப்பாடு என்ன விலை கொடுக்கிறது என்று பாருங்கள்: வால்வு நிலை ஓட்டத்துக்கு ஓட்டம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? எரிபொருள் ஓட்டமானிக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் எங்கெல்லாம் கசிய முடியும்? அந்த இடைவெளியில்தான் பதில் இருக்கும்.

டர்பைன் பக்கத்தில் சூடு என்பது எரியறைச் சூட்டைவிடக் கண்டிப்பான விஷயம். எரியறைச் சுவருக்குப் பின்னால் குளிர்ந்த திரவம் ஓடுகிறது, டர்பைன் இலைக்கு அந்த வசதி கிடையாது. அதனால் டர்பைனுக்கு அனுப்பும் வாயுவை 1000 கெல்வின் அளவிலேயே கட்டி வைக்கிறார்கள். இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினிலும் அதன் மூலமான பிரான்சின் வைக்கிங்கிலும் வாயு உற்பத்திக் கலனுக்குள் தண்ணீரையே பீய்ச்சி வாயுவைக் குளிர வைத்தார்கள், ராக்கெட்டுக்குள் தண்ணீருக்கென்று தனித் தொட்டி வைத்து. விண்ணுக்குத் தண்ணீர் சுமப்பதா என்று கேட்டால், டர்பைன் உருகுவதற்கு அது பரவாயில்லை.

ஒரு கீச்சொலி, அரை நொடியில் இன்ஜெக்டர் முகமே காணோம்

சூடு அதிகமானதால் இல்லை. வெப்பநிலை அதேதான், சுவரைக் காத்துக்கொண்டிருந்த மெல்லிய படலம் போய்விட்டது. எரியறைக்குள் அழுத்த அலை நொடிக்குப் பல நூறோ ஆயிரமோ முறை முன்னும் பின்னும் அடிக்கத் தொடங்கினால், சுவரை ஒட்டிய குளிர்ந்த அடுக்கை அது தேய்த்து எடுத்துவிடும், சுவர் வாங்கும் வெப்பம் பல மடங்காகும். நொடிக்கு 100 முறை மட்டும் பதிவு செய்யும் கருவி வைத்திருந்தால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது, சராசரி அழுத்தம் நேர்க்கோடாகவே இருக்கும். வேகமான அழுத்த உணரி ஒன்றை இன்ஜெக்டருக்கு அருகே கட்டாயம் வையுங்கள், அலைவு ஏறினால் எஞ்சின் தானே அணையும்படி இணையுங்கள்.

முதலில் எந்த வகை அலைவு என்று பிரியுங்கள். நொடிக்கு நூறு, இருநூறு அதிர்வுக்குள் 'தட தட' என்று வந்தால் குழாய்களும் அறையும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. இன்ஜெக்டரில் விழும் அழுத்தம் எரியறை அழுத்தத்தில் 15, 20 சதவீதமாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் துளைகளைச் சிறிதாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கீச்சென்று உயர்ந்த சத்தம் என்றால் அறையின் வடிவமே இசைக்கிறது, அது பெரிய தலைவலி. சாடர்ன் 5இன் எஃப்-1 எஞ்சினுக்கு இதை அடக்க 1962இல் தனித் திட்டமே தொடங்கி, சுமார் 2000 முழு அளவு ஓட்டங்கள் நடத்தினார்கள். ஓடும் எரியறைக்குள் சிறு வெடியை வெடித்து அலையைக் கிளப்பிவிட்டு, எவ்வளவு சீக்கிரம் அது தானே அடங்குகிறது என்று பார்த்தார்கள், இன்ஜெக்டர் முகத்தில் தடுப்புச் சுவர்கள் வைத்துத்தான் முடிவுக்கு வந்தது. 1980 மே 23 அன்று ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டின் இரண்டாவது பயணம் தோற்றதும் முதல் கட்டத்தின் ஒரு வைக்கிங் எஞ்சினில் எழுந்த இதே அலைவால். அதன் பிறகு இன்ஜெக்டரும் மாறியது, எரிபொருளும் யுடிஎம்ஹெச் என்ற ஹைட்ரசின் வகை திரவத்திலிருந்து, அதோடு ஹைட்ரசின் ஹைட்ரேட் 25 சதவீதம் கலந்த யுஹெச்-25க்கு மாறியது.

சிறு குழுவிடம் 2000 ஓட்டத்துக்கு வசதி இருக்காது. இன்ஜெக்டரின் வடிவத்தை மாற்றுங்கள், தடுப்பு வையுங்கள், ஒலி உறிஞ்சும் குழிகளை விளிம்பில் வையுங்கள். கலவை விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தியதில் கீச்சொலி போய்விட்டது என்றால் பிரச்சினை தீரவில்லை, ஓரமாக நிற்கிறது.

முதல் சில ஓட்டம் நன்றாக இருந்தது, போகப் போக சுவர் சூடேறுகிறது

கலவையும் அழுத்தமும் மாறவில்லை என்றால் சுவர்தான் மாறியிருக்கிறது. செம்புச் சுவரில் உள்முகம் மங்கிச் சொரசொரப்பாகியிருக்கிறதா பாருங்கள். ஆக்சிஜன் மிகும்போது ஆக்சைடாகி, எரிபொருள் மிகும்போது மறுபடி செம்பாகி, இப்படி மாறி மாறி அரித்து முகம் கரடாகிறது, கரடான முகம் இன்னும் அதிக வெப்பம் வாங்குகிறது. ஓடத்தின் எஞ்சின்களிலும் இது உண்டு, மெருகேற்றித்தான் மறுபடி ஓட்டுவார்கள். மண்ணெண்ணெயால் குளிர்விப்பவர்களுக்கு இன்னொரு காரணம், கால்வாய்க்குள் கரி படிவது. குளிர்விப்புப் பக்கத்து அழுத்த இழப்பு ஓட்டத்துக்கு ஓட்டம் கூடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உள்பக்கம் படியும் புகைக்கரியோ எதிர்வேலை செய்கிறது, சுவருக்குப் போர்வையாகி வெப்பத்தைத் தடுக்கிறது. அதனால் எரியறையை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பளபளவென்று தேய்த்து வைக்கும் குழுக்களுக்குச் சுவர் வெப்பம் கூடுதலாகவே வரும்.

நடுவில் ஒன்றும் ஆவதில்லை, அணைக்கும்போது எரிந்துபோகிறது

இதற்கு நிலை ஓட்டத் தரவில் பதில் தேடாதீர்கள். கட்டளை போன நேரத்தைப் பார்க்காமல், இரண்டு இன்ஜெக்டர் உள்ளறைகளின் அழுத்தமும் உண்மையில் எப்போது விழுந்தது என்று பாருங்கள். எரிபொருள் முதலில் தீர்ந்து ஆக்சிஜன் வடிந்துகொண்டே இருந்தால், அந்தக் கடைசிக் கணங்களில் கலவை முழு எரிதல் விகிதத்தைக் கடந்து போகும், அதாவது ஓட்டம் முழுக்க நீங்கள் தவிர்த்த அந்த உச்ச வெப்பநிலை, குளிர்விக்கும் எரிபொருளும் நின்றுபோன சுவரின் மேல். அதற்குப் பிறகு மிஞ்சுவது சுத்த ஆக்சிஜனும் சிவந்த உலோகமும். ஆக்சிஜன் வால்வு முதலில் மூட வேண்டும், எரிபொருள் அதற்குப் பின், அதோடு நைட்ரஜனை விட்டு ஆக்சிஜன் உள்ளறையைத் துடைக்க வேண்டும். வரிசை சரியாக இருந்தும் எரிகிறது என்றால், ஆக்சிஜன் வால்வுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் எவ்வளவு கன அளவு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கணக்கிடுங்கள். அதைக் குறைக்க வால்வை இன்ஜெக்டருக்கு அருகே நகர்த்துவது, எரிபொருளை நீட்டித்து ஓட்டுவதைவிட நல்ல வழி, எரிபொருளை அதிகம் நீட்டித்தால் ஓட்டம் முடிந்த பிறகு மேடைக்கு அடியில் தீ பிடிக்கும்.